அண்டாவில் வெந்த ரேடியேட்டர்

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேசி முடித்ததும் டீயும் போண்டாவும் உண்டு என்று வரும்போதே காதில் விழுந்தது. ஆகையால் நீங்கள் எதற்காக இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் போண்டா பிடிக்கும்.

எண்ணெய் ஒழுகினால் எங்கே பார்ப்பது, தண்ணீர் ஒழுகினால் எதை முடுக்குவது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த தப்புகளில் வெளியில் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சி பாலக்கரையில் ஒரு ஷெட்டில் வேலை பார்த்தேன். இருபத்தைந்து வயது. இந்தக் கதை நடப்பதற்கு முந்தின வாரம்தான் ஒரு பஸ்ஸின் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொன்னேன், பிரித்துப் பார்த்தால் நான் சொன்னபடியே போயிருந்தது. ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் இருக்கிற தகடு. அது போனால் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலந்துவிடும். உங்களுக்குத் தெரியும், ஆபீஸ் அறையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்காகச் சொல்கிறேன். அந்த பஸ் விஷயத்தில் முதலாளி என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அந்தத் தட்டு என் தலைக்கு ஏறிவிட்டது. அந்த வாரம் முழுக்க எனக்குப் பார்க்கிற வண்டியெல்லாம் ஹெட் கேஸ்கட் போன வண்டியாகவே தெரிந்தது. தலைவலி என்று வந்த ஒருவரிடம்கூட அப்படிச் சொல்லியிருப்பேன்.

அப்போது வந்தார் வரதாச்சாரி. ஸ்ரீரங்கத்துக் கல்யாணச் சமையல்காரர். வாட்டசாட்டமான ஆள், நெற்றி நிறைய நாமம். யாரோ ஒரு எஸ்டேட்காரர் ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட இங்கிலாந்து வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். அவருடைய வாழ்க்கையிலேயே முதல் கார். மற்றவர்கள் முதல் காரில் மனைவியை மலைக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். இவர் அண்டா, குண்டான், கரண்டி, எண்ணெய் டின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போனார். அடுத்தவர் பாத்திரத்தில் இவருக்குக் கை வராது. உதவியாட்கள் பஸ்ஸில் போவார்கள். பாத்திரங்களும் இவரும் காரில்.

வண்டியை விட்டு இறங்கியதும் சொன்னார்: "பின்னால எண்ணெய் ஒழுகறது. முன்னால தீர்த்தம் ஒழுகறது. நடுவுல நான் உக்காந்துண்டு அழறேன்."

ஒழுகுவதோடு கொதிக்கவும் செய்தது. வையம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது வண்டி வழியில் கொதித்து நின்று, இவர் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் ஹோட்டலில் இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். திருவெறும்பூரில் ஒரு சீமந்தத்திலும் அதே கதை. இப்போது தொட்டியத்தில் ஒரு வாழைக்காய் மண்டிக்காரர் வீட்டில் கல்யாணம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு டிபன் தயாராக இருக்க வேண்டும். அன்றைக்குத் திங்கள்கிழமை.

"ரெண்டு தடவை மானம் போயாச்சு. மூணாவது தடவை போனா ஸ்ரீரங்கத்துல ஒருத்தன் என்னைக் கூப்பிட மாட்டான். கரண்டியைக் கீழ வெச்சுட வேண்டியதுதான்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே டீ நிறத்தில் கொழகொழவென்று ஒரு சமாச்சாரம். எண்ணெயும் தண்ணீரும் கலந்தால் சாட்சாத் அப்படித்தான் இருக்கும். என் மனசுக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இருந்தாலும் ஒப்புக்குக் கேட்டேன். கேட்ட விதத்தைக் கவனியுங்கள். "சாமி, இதுல என்னத்த ஊத்தித் தொலைச்சீங்க? ரசமா?" என்றேன். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"தீர்த்தம்தான். வேற என்னத்தை ஊத்துவா?" என்றார் வரதாச்சாரி. சொல்லும்போது கூரையைப் பார்த்தார். எங்கள் கூரையில் ஓட்டை நிறைய உண்டு, அதை எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஜின் எண்ணெயில் கம்பியை விட்டு எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் சுத்தமாக இருந்தது. கேஸ்கட் போயிருந்தால் அதிலும் கொஞ்சமாவது தண்ணீர் கலந்து வெளுத்திருக்க வேண்டும். வெளுக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகப் பார்த்தேன், துணியில் துடைத்தேன், திரும்ப உள்ளே செருகிவிட்டேன். தீர்ப்புக்கு ஒத்துவராத சாட்சியை நான் அப்படித்தான் உள்ளே அனுப்பினேன். "ஹெட் கேஸ்கட் சாமி. புதன்கிழமை வண்டி ரெடி" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹெட்டைப் பிரித்தேன். கேஸ்கட் நேற்றுத்தான் போட்டது மாதிரி முழுசாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன், திருப்பினேன், பூதக்கண்ணாடி இரவல் வாங்கிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் தவிர்த்து அதற்கு அடுத்த நாள் அந்த மனிதர் தொட்டியத்தில் இருக்க வேண்டும். அவருடைய வண்டியோ என் பெஞ்சின் மேல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதற்கு என்ன வியாதி என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளியிடம் போனேன். அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "கேஸ்கட் போயிருந்துச்சுன்னே சொல்லிடு. புதுசு ஒண்ணைப் போட்டு மூடு. யாரு வந்து பாக்கப் போறா? தப்பாப் பிரிச்சோம்னு நாமளே தண்டோரா போடணுமா?"

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எல்லா ஷெட்டிலும் அதுதான் வழக்கம். இன்றைக்கு எப்படி என்று உங்கள் முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. நானும் அரை மணி நேரம் அந்த யோசனையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் வேண்டாம் என்று விட்டதற்கு என் யோக்கியதை காரணமில்லை, பயம்தான் காரணம். மூடிக் கொடுத்துவிட்டால் வண்டி போகும். முசிறி வரைக்கும் போகும். அங்கே கொதித்து நிற்கும். அந்தச் சமையல்காரர் அண்டாவோடு நடுரோட்டில் நிற்பார். மூன்றாவது தடவை. அதை நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை சைக்கிளில் ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டேன். காவிரிப் பாலம் ஏறும்போது ஒரு பொய் தயார் செய்தேன்: ஹெட்டைப் பிரித்ததால்தான் வேறொரு பெரிய வியாதி தெரிந்தது என்று. பாலத்தின் நடுவில் அதைவிட நல்ல பொய் ஒன்று கிடைத்தது: சாமான் மதராஸிலிருந்து வர வேண்டும் என்று. மாம்பழச்சாலையில் இறங்கும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். நல்ல காற்று. நன்றாகவே ஒத்திகை பார்த்தேன்.

உத்தர வீதியில் அவர் வீடு. கூடத்தில் உட்கார்ந்து சாமான் ஜாபிதா எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "வண்டி வந்துடுத்தா?" என்று வாசலை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்த இரண்டு பொய்யையும் வாசலிலேயே விட்டுவிட்டேன்.

"சாமி, தப்பாப் பிரிச்சுட்டேன். கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு. உங்க வண்டிக்கு என்னன்னு எனக்குத் தெரியலீங்க" என்றேன்.

அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். திட்டவில்லை. முகம் மட்டும் சுருங்கிப் போய்விட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். மாமி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"சொல்லிடுங்கோ" என்றார் மாமி, கணவரைப் பார்த்து.

"என்னத்தைச் சொல்ல?"

"நீங்க ஊத்தினதை. அந்தப் பிள்ளை தன் தப்பைத் தானே வந்து சொல்றது. நீங்க சொன்னா என்ன குறைஞ்சு போயிடுவேள்?"

வரதாச்சாரி காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். "கஞ்சி" என்றார்.

"எந்தக் கஞ்சி, சாமி?"

"சாதம் வடிச்ச கஞ்சிதான்ப்பா. புது மண்பானை கசிஞ்சா என்ன பண்ணுவா? கஞ்சியை விட்டுக் காய வெப்பா. கசிவு அடைஞ்சுடும். இதுவும் கசியறது, அதுவும் கசியறதுன்னு நானும் ஒரு சொம்பு விட்டேன். மறுநாள் ஒரு சொட்டு ஒழுகலையே!"

"ஒரு சொம்புதானா?"

"வாரத்துக்கு ஒரு சொம்பு. தை பொறந்ததுலேர்ந்து" என்றார் மாமி.

அப்போது மாசி முடியப் போகிற சமயம். இரண்டு மாதம் போலக் கஞ்சி குடித்த வண்டி அது. ரேடியேட்டரின் குழாய்களிலெல்லாம் கஞ்சி வெந்து, துருவோடு சேர்ந்து இறுகிவிட்டது. தண்ணீர் ஓட வழியில்லை. கொதிக்காமல் என்ன செய்யும்? எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவரைப் பார்த்தேன். நூறு பேர் பந்தியை ஒற்றைக் கண்ணசைவில் நடத்துகிற மனிதர், ஸ்கூலில் பெஞ்சு மேல் ஏற்றிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். திங்கள்கிழமை நான் ரசமா என்று கேட்காமல் ஒழுங்காகக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். ஷெட் முழுக்கச் சிரித்தபிறகு எந்தச் சமையல்காரர் கஞ்சி என்று சொல்வார்? வெட்கமாக இருந்தது எனக்கு. சிரிப்பை விழுங்கினேன்.

"பின்னால விழற எண்ணெய்?" என்று மாமியையே கேட்டேன். இந்தத் தடவை ஆளைச் சரியாகப் பிடித்தேன். தினமும் விடிந்ததும் வாசலில் சாணி தெளிப்பது அவர், கோலம் போடுவது அவர், கறையைத் தேய்ப்பதும் அவர். அந்த வண்டி எங்கே எப்போது சொட்டுகிறது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள்.

"அது வண்டி எண்ணெயே இல்லைப்பா. கிட்டப் போய் மோந்து பார்த்தா சனிக்கிழமை வாசனை வரது" என்றார்.

ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் சனிக்கிழமை. நல்லெண்ணெய்! பின் சீட்டில் வைக்கிற டின் குலுங்கி, பலகை இடுக்கு வழியாக இறங்கி, அச்சில் சொட்டியிருக்கிறது. அதைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தவன் நான். ஆனால் நான் மோந்தால் எல்லாமே கிரீஸ் வாசனைதான்.

"ரெண்டும் கல்யாணத்துக்குப் போற அன்னிக்குத்தான் ஒழுகும். எண்ணெயும் சரி, முன்னால தண்ணியும் சரி. சும்மா நிக்கறச்சே ஒண்ணும் இல்லை" என்று மாமி சொன்னார். இதை நான் மனசில் போட்டு வைத்துக்கொண்டேன்.

ரேடியேட்டரை எப்படித் திறப்பது என்பதுதான் இப்போது கேள்வி. புதிது வாங்க நேரமில்லை, கிடைக்கவும் கிடைக்காது. நான் கம்பி விட்டுக் குத்தலாம் என்றேன். வரதாச்சாரி எழுந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டினார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சுருங்கிக் கிடந்த ஆள் அவர் இல்லை.

"கஞ்சி அடிப்பிடிச்சிருக்கு. அவ்வளவுதானே? அதுக்கு எதுக்குடாப்பா கம்பி? அடிப்பிடிச்ச பாத்திரத்தை நான் முப்பது வருஷமா பார்த்துண்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார்.

மாமி வழிமறித்தார். "திருக்கண்ணமுது பண்ற அண்டான்னா அது! அதுல இந்தக் கண்றாவியைப் போடப் போறேளா? வெந்நீர் அண்டாவை எடுத்துண்டு போங்கோ."

பாயச அண்டா தப்பித்தது. வெந்நீர் அண்டா குதிரை வண்டியில் பாலக்கரைக்கு வந்தது. ஷெட்டுக்கு வெளியே, பெட்ரோல் பக்கம் இல்லாமல் தூரத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். சலவை சோடாவைக் கொட்டி, ரேடியேட்டரை உள்ளே இறக்கி, கொதிக்க விட்டார். புளியும் போடுகிறேன் என்றார். "சாமி, பளபளப்பு வேண்டாம், ஓட்டை தெறந்தாப் போதும்" என்று தடுத்தேன். நடுநடுவே பெரிய கரண்டியால் கிளறிவிட்டார். பழக்கதோஷத்தில் ஒரு தடவை கரண்டியிலிருந்து இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு வாய்ப் பக்கம் கொண்டுபோனார். நான் பாய்ந்து கையைத் தட்டிவிட்டேன். முதலாளி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நாலு தடவை நீரை மாற்றினோம். வெளியே வந்ததைப் பார்த்திருந்தால் நீங்கள் இன்றைக்கு போண்டாவைத் தொட மாட்டீர்கள். ஐந்தாவது தடவை ஒரு பக்கம் ஊற்றின தண்ணீர் மறுபக்கம் தங்குதடையில்லாமல் வந்தது. ஹெட் திறந்து கிடந்ததால் இன்ஜினுக்குள் இருந்த கஞ்சியையும் கழுவ முடிந்தது. அதனால் நான் பிரித்தது நல்லதுக்குத்தான் என்று யாராவது எழுந்து சொல்லிவிடாதீர்கள். பிரித்தது தப்பு. சந்தேகமே இல்லை.

வியாழக்கிழமை காலை வண்டியைப் பூட்டி, பாலக்கரையைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டினேன். கொதிக்கவில்லை, ஒழுகவில்லை. ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய் விட்டேன். பாத்திரங்களை ஏற்றினார்கள். மேலே அண்டாவைக் கவிழ்த்து, தேங்காய்நார்க் கயிற்றால் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டினார்கள். சூறைத்தேங்காய் உடைத்தாயிற்று. வரதாச்சாரி ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் சாமி. அடியில பாத்துடறேன்" என்றேன்.

"நேரமாறதுடாப்பா! அதான் சரி பண்ணிட்டியே? மாப்பிள்ளை அழைப்புக்கு நான் போகணுமா வேண்டாமா?" அவர் குரல் வீதி முழுக்கக் கேட்டது. எனக்கும் போகச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வண்டிக்கு முதல் ஒழுகல் எங்கிருந்து வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கஞ்சி பின்னால் வந்தது. கல்யாணத்துக்குப் போகிற அன்றைக்குத்தான் ஒழுகும் என்றார் மாமி. இன்றைக்கு அந்த நாள்.

கோலத்தின் மேலேயே மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். சட்டையெல்லாம் சாணி ஈரம். மேலே பார்த்தேன். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீரை இறக்குவதற்கு ஒரு சின்னக் குழாய் உண்டு, ஒரு கைப்பிடியோடு. மேலே அண்டாவைக் கட்டின கயிற்றின் முன்பக்க முனையை அவர்கள் பம்பருக்குக் கீழே வளைத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். கயிறு அந்தக் கைப்பிடியில் மாட்டி அதை ஒரு நூல் திருப்பிவிட்டிருந்தது. கயிற்றைத் தளர்த்தச் சொன்னேன், சொட்டு நின்றது. இழுக்கச் சொன்னேன், சொட்டியது. மூன்று தடவை செய்து பார்த்தேன். வண்டிக்கு வியாதியே இல்லை. அண்டாவைக் கட்டினால் ஒழுகும், இறக்கினால் நிற்கும். அண்டா இறங்கின மறுநாள் அவர் கஞ்சி ஊற்றியிருக்கிறார், ஒழுகல் நின்றிருக்கிறது, கஞ்சியின் மகிமை என்று நம்பிவிட்டார்.

வெளியே வந்து காட்டினேன். வரதாச்சாரி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"கயித்துக்கா நான் ரெண்டு மாசம் கஞ்சி வார்த்தேன்?" என்றார்.

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். கயிற்றை வேறு வழியாகக் கட்டினோம். நானும் ஏறிக்கொண்டேன். மடியில் சாத்தமுதுப் பாத்திரம். அதாவது ரசப் பாத்திரம். கொள்ளிடம் தாண்டி, குணசீலம் தாண்டி, முசிறி வரும் வரைக்கும் அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். கண் ரேடியேட்டர் மூடியிலேயே இருந்தது. ஆவி வரவில்லை. தொட்டியத்தில் பந்தலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது வெயில் இன்னும் தாழவில்லை. அவர் இறங்கி, வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாப்பிள்ளை அழைப்புக்கு டிபன் நேரத்துக்குப் பந்தியில் விழுந்தது.

மறுநாள் கல்யாணச் சாப்பாட்டில் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். பெண்ணின் தகப்பனார், அந்த மண்டிக்காரர், "தம்பி யாருங்க?" என்று கேட்டார். வரதாச்சாரி கையில் வாளியோடு நின்று, பந்தி முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்: "என் மெக்கானிக். என் வண்டியைத் தப்பாப் பிரிச்சான். பிரிச்சுட்டு நேரா எங்காத்துக்கு வந்து தப்பாப் பிரிச்சுட்டேன்னு சொன்னான். அதனாலதான் உங்க இலையில இன்னிக்குச் சாதம் விழறது."

பந்தி கொல்லென்று சிரித்தது. எனக்குத் தலையை இலைக்கடியில் நுழைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் சாப்பாடு உள்ளே போகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து இலையில் மண்டிக்காரரின் தம்பி. வாழைத்தார் ஏற்றுகிற லாரி வைத்திருந்தார். முறுக்கின மீசை, பேச்சுக்குப் பேச்சு அதிகாரம். சிரிப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், "லாரி ரேடியேட்டர் ஒழுகுச்சுங்க. யாருகிட்டயும் சொல்லல. மூணு முட்டைய ஒடச்சு ஊத்தியிருக்கேன்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டேன்.

"வெள்ளைக்கரு மட்டுமாங்க, மஞ்சளும் சேத்தா?"